சக்கிமுக்கிக்கு ஒரு குழல்

பென்சில்வேனியாவின் சிற்றூர்ப் பக்கம் வேலை கிடைத்து வந்திறங்கும் தமிழரை முதல் நவம்பரே திகைக்க வைக்கும். நன்றி நவிலல் வாரம் முடிந்து வரும் திங்களன்று பல பள்ளிகள் திறப்பதில்லை, அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி. மான் வேட்டைக்குப் போயிருப்பார்கள். அது ஓய்ந்ததும், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இன்னொரு பருவம் தொடங்கும். சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி, பொறி விழுந்து வெடிக்கும் துப்பாக்கிக்கு மட்டுமான பருவம் அது. 1974 முதல் நடக்கிறது.

குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் இடித்து இறக்கும் துப்பாக்கி. வன்னிக்காரரிடம் ‘இடியன் துவக்கு’ என்றால் போதும். தமிழ்நாட்டு மலைக்காடுகளில் நாட்டுத் துப்பாக்கி என்பார்கள். ஆனால் அவற்றின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும், சிறு ரவைகளைச் சிதறடிக்கும். இங்குள்ளதில் உட்புறம் புரி வெட்டியிருக்கும், ஒற்றை ஈயக் குண்டு சுழன்றபடி போகும். குளிர்காலம் முழுக்க இதைக் கையாலேயே செய்பவர்கள் இங்கே நிறைய. பக்கத்து வீட்டுப் பெரியவர் ‘வா, நீயும் ஒன்று செய்’ என்று கூப்பிடும் நாள் வரும்.

கூப்பிட்டதும் புதியவர்கள் முதலில் வாங்குவது அலையலையாகக் கோடு ஓடும் மேப்பிள் கட்டையை. கண்ணைப் பறிக்கும் மரம், குறை சொல்ல முடியாது. ஆனால் வரிசை தப்பு. கட்டையின் பருமன், லாக் (கல்லை எஃகில் உரசிப் பொறி எழுப்பும் விசை) உட்காரும் இடம், இடிகோலின் தடிமன், குண்டு வார்க்கும் அச்சு, தோளில் ஏறும் பாரம் எல்லாமே குழலைப் பார்த்து முடிவாகின்றன. குழல் வந்த பிறகே மரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் சட்டம். அமெரிக்க மத்தியச் சட்டம் இந்த வகையைப் பழங்காலத் துப்பாக்கி என்று தனியே பிரித்துவைத்திருக்கிறது, ஆகவே குழல் தபாலில் வீட்டுக்கே வரும். மாநிலச் சட்டம் வேறு கதை: ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குப் போனால் இதற்கும் துப்பாக்கி வாங்குவோர் அட்டை கேட்பார்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் பணம் கட்டுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வேட்டைக்குப் போவதானால் முதல் உரிமத்துக்கு முன் மாநிலத்தின் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தில் வெடிமருந்து பற்றி ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்தத் துப்பாக்கியே வந்தேறிதான். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் கொல்லர்கள் கொண்டுவந்த ‘யேகர்’ துப்பாக்கி குட்டையானது, 30 அங்குலத்தை ஒட்டிய குழல், வாய் அகலம். லங்காஸ்டர், நாசரேத் பக்கத்துப் பட்டறைகளில் அது 42, 44 அங்குலம் என நீண்டு, வாய் சிறுத்து, ஈயத்தைச் சிக்கனமாகத் தின்னும் நீள்துப்பாக்கியாக மாறியது. (நாசரேத் என்றதும் தூத்துக்குடி மாவட்டத்து ஊர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. இது மொரேவியக் கிறிஸ்தவர்கள் அமைத்த ஊர்.) அதன் அருகே ஜேக்கப்ஸ்பர்கில் நீள்துப்பாக்கிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. குழல் வாங்குமுன் ஒரு நடை போய், எந்தக் காலத்து, எந்த வட்டாரத்து வடிவம் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாய் அகலத்திலிருந்து தொடங்கலாம். அதைக் கேலிபரில் சொல்வார்கள், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு: 50 என்றால் அரை அங்குலம். அணிலுக்கு 32 அல்லது 36 கேலிபர், இலக்குப் பலகைக்கு 40 அல்லது 45, மானுக்கு 50 அல்லது 54. பென்சில்வேனியாவில் மானுக்கு 44க்குக் கீழே சட்டப்படி ஆகாது. 45 செல்லும், ஆனால் குண்டின் எடையைப் பாருங்கள். 45இல் போகும் 0.440 அங்குல உருண்டை சுமார் 8.3 கிராம். 50இல் போகும் 0.490 உருண்டை 11.5 கிராம். 54இல் போகும் 0.530 உருண்டை 14.5 கிராம். விட்டம் கொஞ்சம் ஏறினாலும் எடை கன அளவில் ஏறுகிறது. ஒரு கிலோ ஈயத்தில் முதலாவது 120 குண்டு, கடைசியானது 69 குண்டுதான். மானும் இலக்கும் இரண்டும் வேண்டும், ஒரே துப்பாக்கிதான் செய்யப்போகிறேன் என்பவருக்கு 50 சரி. குண்டும் அச்சும் குண்டைச் சுற்றும் துணியும் எந்தக் கடையிலும் கிடைக்கிற அளவு அது.

அடுத்தது எடை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நேர்க் குழல் என்றால் எட்டுப் பட்டை, முனையிலிருந்து முனைவரை ஒரே தடிமன். பட்டைக்குப் பட்டை 15/16 அங்குலம், 42 அங்குல நீளம், 50 கேலிபர் என்றால் குழல் மட்டும் 2.9 கிலோவை நெருங்கும். அதையே 1 அங்குலத் தடிமனில் வாங்கினால் 3.4 கிலோ. வெளித் தடிமன் மாறாமல் வாய் சிறுத்தால் எடை கூடும், ஏனென்றால் உள்ளே இரும்பு மிச்சம் இருக்கிறது. 15/16இல் 45 கேலிபர் 3.1 கிலோ, 54 கேலிபர் 2.7 கிலோ. ‘சின்ன கேலிபர், லேசாக இருக்கும்’ என்று 1 அங்குலக் கட்டியில் 40 வாங்கியவர் பெஞ்சில் சாய்த்து வைத்துத்தான் சுட முடியும். 40க்கு 13/16 போதும். 50க்கு 7/8, அதிகம் போனால் 15/16.

பழைய கொல்லர்கள் பெரும்பாலும் நேர்க் குழல் போடவில்லை. அவர்களுடையது உடுக்கை இடை: மருந்து வெடிக்கும் பின்முனை தடித்து, முன்னால் போகப் போக மெலிந்து, வாய்க்கு ஒரு முழத்துக்குள் இடை ஒடுங்கி, வாயில் மறுபடி சற்று விரியும். அழுத்தம் அதிகமுள்ள இடத்தில் இரும்பு, இல்லாத இடத்தில் இல்லை. 1 அங்குல நேர்க் குழலோடு ஒப்பிட்டால் முக்கால் கிலோவுக்கு மேல் குறையும். அதைவிடப் பெரிய லாபம் பாரம் நிற்கும் இடம். இடக்கை பிடிக்கும் இடத்திலேயே துலாக்கோல் போல நின்றுவிடும், வாய்ப்பக்கம் இழுக்காது. விற்பவர்கள் இவற்றை ஏ, பி, சி, டி என்று எடை வரிசையில் பிரிக்கிறார்கள். ஏ மெலிந்தது, டி தடித்தது. 50க்கு பி, 54க்கு சி என்பது வழக்கமான பொருத்தம்.

விலை கூட. கட்டையில் பள்ளம் தோண்டுவதும் கடினம். நேர்க் குழலுக்குப் பள்ளத்தின் இரு கரையும் இணைகோடு. பின்முனையில் சின்ன இடைவெளி விழுந்தால் குழலைப் பின்னுக்குத் தள்ளி மறைத்துவிடலாம். உடுக்கை இடைக் குழலில் அந்தப் பிழைப்பு நடக்காது. 1/16 அங்குலம் தள்ளினாலும் இடையில், வாயில், எல்லா இடத்திலும் கரை விலகிப் பல் இளிக்கும். முதல் துப்பாக்கியானால் பள்ளத்தை இயந்திரத்தில் முன்பே குடைந்த கட்டையை அதே குழலின் பெயர் சொல்லி வாங்குங்கள், முடிந்தால் ஒரே கடையில். ஒரு நிறுவனத்தின் ‘பி’ இன்னொரு நிறுவனத்தின் ‘பி’ அல்ல.

நீளம் ஆளுக்கு ஏற்ப. 42 அங்குலக் குழலோடு கட்டையின் பின்பகுதி சேர்ந்தால் மொத்தம் 57, 58 அங்குலம். ஐந்தடி நான்கு அங்குல உயரமுள்ளவர் தரையில் நிறுத்தினால் குழல் வாய் முகத்தருகே வந்து நிற்கும். பனியில், தடித்த கையுறையோடு, இடிகோலை அதற்கும் மேலே தூக்கி இறக்க வேண்டும். நம்மில் பலருக்கு 38 அங்குலம் தோதானது. குண்டின் வேகத்தில் பெரிய இழப்பு இல்லை. குறைவது குறிபார்க்க முன்னும் பின்னும் உள்ள இரண்டு குறிமுள்ளுக்கும் இடையிலுள்ள தூரம்தான்.

புரிச்சுற்று பற்றி வாக்குவாதம் ஓயாது. உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுற்று: 48 அங்குலத்துக்கு ஒன்று, அல்லது 56, 66, 70. பழைய குழல்களில் 48 அடிக்கடி காணப்படுகிறது, 45க்கும் 50க்கும் இன்றும் அது நன்றாக வேலை செய்யும். 70 சுற்றுக்கு மருந்து தாராளமாக வேண்டும், குறைவாகப் போட்டால் குண்டுகள் பலகையில் சிதறும். 28, 32 என்ற வேகச் சுற்று நீளக் குண்டுக்கானது. அதில் துணி சுற்றிய உருண்டையை வேகமாக விட்டால் புரியைப் பிடிக்காமல் தாவிவிடும். பள்ளத்தின் ஆழமும் முக்கியம். துணி நெரிந்து உட்கார ஏறத்தாழ 0.010 முதல் 0.016 அங்குலம் வரை ஆழம் வேண்டும். 50 கேலிபருக்கு 0.490 குண்டும் 0.015 தடிமன் பருத்தித் துணியும் என்று தொடங்கி, சுட்டபின் கீழே விழும் துணியைப் பொறுக்கிப் பாருங்கள். கிழிந்திருந்தால் குழல் வாயின் விளிம்பு கத்தியாக இருக்கிறது. பெருவிரலால் மெல்லிய உப்புத்தாளை அழுத்தி, குழலைத் திருப்பித் திருப்பித் தேய்த்து மழுக்க வேண்டும்.

சுவர்க் கனத்தை வாங்கும்போதே கணக்குப் போடுங்கள். 13/16 தடிமனில் 50 கேலிபர் என்றால் ஒரு பக்கச் சுவர் 0.156 அங்குலம். குறிமுள்ளுக்கு 0.090 ஆழம் டவ்டெயில் (புறாவால் வடிவப் பள்ளம்) வெட்டினால் மிச்சம் 0.066, அதில் புரிப்பள்ளமும் போக 0.05தான். உடுக்கை இடைக் குழலில் ஆபத்து அடிப்பக்கம். கட்டையோடு பிணைக்கும் காதுகள் மெலிந்த இடையில்தான் வரும், அங்கே 0.030 முதல் 0.040 ஆழத்துக்கு மேல் அரம் போகக் கூடாது. உள்ளே புடைத்துவிட்டால் குண்டு இறங்கும்போது அந்த இடம் கைக்குத் தெரியும், திருத்த வழியில்லை.

எஃகு வகையில் அதிகம் மயங்க வேண்டாம். ஈயம் கலந்த 12எல்14 அறுக்கச் சுலபம், உடையும் தன்மை பற்றிக் குறை சொல்வோரும் உண்டு. குழல் கெடுவதற்குப் பெரிய காரணம் குண்டை மருந்தின் மேல் முட்டும்வரை இறக்காமல் பாதியில் விடுவது. அந்த இடத்தில் வளையமாகப் புடைக்கும். கருமருந்து மட்டுமே போட வேண்டும். புகையில்லா மருந்து இந்தக் குழல்களுக்கு எமன்.

குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பின்முனைத் திருகை விற்பவரே பொருத்தி அனுப்பினால் கேளுங்கள்: உள்முகம் துளையின் தோளோடு முட்டுகிறதா? முட்டாவிட்டால் அந்த இடுக்கில் கரி சேரும், ஈரம் இழுக்கும், துருவேறும். 15/16 குழலுக்கு 5/8 அங்குலத் திருகு, 1 அங்குலத்துக்கு 3/4 என்பது வழக்கம். வெளியிலிருந்து தீ உள்ளே போகும் தீத்துளை இந்தத் திருகு முகத்துக்கு முன்னால் விழ வேண்டும். அதற்குக் கால் அங்குல லைனர் (துளைக்குள் திருகும் உறை) போடுவதானால் துளையின் மையம் முகத்திலிருந்து குறைந்தது 1/8 அங்குலத்துக்கு மேல் தள்ளி இருக்கட்டும். லாக்கில் பொறி விழும் மருந்துக் கிண்ணத்தைக் குழலின் பக்கப் பட்டையில் வைத்துப் பார்க்காமல் துளையிடுவது, கதவு அளக்காமல் நிலை வைப்பது மாதிரி.

குழல் வீட்டுக்கு வந்ததும் பெட்டியை வீசிவிடாதீர்கள். எண்ணெய்த் துணியைக் கோலில் இறுக்கமாகச் சுற்றி, குழலுக்குள் விட்டு மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் திடீரெனத் தளர்ந்தால் உள்ளே அகலம் சீரில்லை, திருப்பி அனுப்பலாம். பிறகு வாயில் எட்டுப் பட்டையிலும் சுவர்க் கனத்தை அளக்கவும். நடுவிலிருந்து துளை சற்று விலகியிருப்பது குற்றமல்ல. கனமான பக்கம் மேலோ கீழோ வரும்படி வைத்தால் முன் குறிமுள்ளின் உயரத்தை அரத்தால் சரிசெய்துவிடலாம். பக்கவாட்டில் வைத்துவிட்டால் ஆயுளுக்கும் முள் இடமோ வலமோ தள்ளித்தான் நிற்கும். மேல்பட்டை எது என்று முடிவானதும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, பின்முனைத் திருகுக்காரரிடம் கொடுங்கள்.