குடை விரியும் சில விநாடிகள்

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலம் நகரத்தைப் பார்க்கும்போது, வான்குதிப்பு வீரர்களிடம் இருக்கும் அவகாசம் எவ்வளவு குறைவு என்பது கண்ணெதிரே புரியும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அந்த வீரர்களோ இந்த வேறுபாட்டையும்விடக் குறைவாக, தரைக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டரில்தான் பாராசூட்டைத் திறக்கிறார்கள். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவருக்கு அந்தத் தொலைவு வெறும் 17 விநாடி.

விரிந்து முடிந்த பாராசூட்டைக் கணக்கிடுவது கடினமன்று. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கும் பரப்புக்கும் ஏற்ப வளரும் என்பதைப் பள்ளி மாணவரும் அறிவார். விரியும் தறுவாயில்தான் சிக்கல்: துணியின் வடிவத்தைக் காற்றோட்டம் மாற்றுகிறது, மாறிய வடிவம் காற்றோட்டத்தை மாற்றுகிறது. ஒருவரே, ஒரே துணியை, ஒரே முறையில் மடித்தாலும், ஒருமுறை நேராக விரிந்தது மறுமுறை பக்கவாட்டில் திரும்பி விரிகிறது. ஒரு தோள் சற்றே தாழ்ந்திருந்ததும், ஒரு மடிப்பு விரலளவு விலகியிருந்ததும் போதும்.

வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1961-ல் வானிலைக் கணக்கீடு ஒன்றில் 0.506127 என்பதற்குப் பதில் 0.506 என்று இட்டபோது, விடை முற்றிலும் வேறு திசையில் சென்றது. தொடக்கத்தின் சிறு வேறுபாடு முடிவில் பெரிதாகிவிடும் அதே இயல்புதான் இங்கும் செயல்படுகிறது. அறிவியலில் அந்த இயல்புள்ள இயக்கத்துக்குக் கேயாஸ் என்று பெயர்; ஆயினும் இதை அப்படியே அழைக்க எனக்கு ஒப்பவில்லை. கண்டிப்பான பொருளில் கேயாஸ் என்பது ஓயாமல் தொடரும் இயக்கம். இதுவோ சில விநாடிகளில் அடங்கிவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பி விரிந்தாலும், துணியில் தைத்த அறைகளில் காற்று முழுதும் நிரம்பிய பிறகு பாராசூட் ஒரே சீரான சறுக்கலில் வந்து நிற்கிறது. கயிறுகள் முறுக்கிக்கொண்டு சுழலத் தொடங்குவது இன்னொரு முடிவு. அதிலிருந்து மீள முடியாத வேளைக்காகவே இரண்டாவது பாராசூட்டை முதுகில் சுமக்கிறார்கள். சிறு வேறுபாடு இவ்விரு முடிவுகளில் எதன் பக்கம் தள்ளும் என்பதுதான் உண்மையான கேள்வி என்று கருதுகிறேன்.

இந்த நிச்சயமின்மையை அடக்கும் ஸ்லைடர் என்ற கருவியை நான் மிகவும் மதிக்கிறேன். அது ஒரு செவ்வகத் துணி மட்டுமே. நான்கு மூலைகளிலும் உள்ள உலோக வளையங்கள் வழியே கயிற்றுத் தொகுதிகள் செல்கின்றன. கீழிருந்து மோதும் காற்று அதை மேலே அழுத்திப் பிடிப்பதால், குடை சட்டென்று அகல முடிவதில்லை. அந்த அழுத்தமும் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுகிறது. எனவே ஆபத்து எவ்வளவோ, தடையும் அவ்வளவே. வேகம் தணிந்து குடை நிரம்ப நிரம்ப, ஸ்லைடர் கயிறுகளில் வழுக்கிக் கீழே இறங்குகிறது. மடிக்கும்போது அது சற்றுக் கீழே நழுவியிருந்தால் உடலை உலுக்கும் அதிர்ச்சியோடு குடை திறக்கக்கூடும் என்பதால், பையை மூடுமுன் நான்கு வளையங்களும் மேலே முட்டி நிற்கின்றனவா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டே அடுத்த மடிப்புக்குச் செல்கிறார்கள்.