சிகாகோவில் நிற்கும் யு-505

சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் யு-505ஐப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். 1944 ஜூன் 4 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கடற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை மூழ்கவிடாமல் பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி. அதன் ஜெர்மன் மாலுமிகள் கப்பலை மூழ்கடிக்க ஒரு மூடியைத் திறந்துவிட்டுத்தான் கடலில் குதித்தார்கள். தண்ணீர் பீறிட்டு வருகிறது, வெடிகுண்டு இருக்கிறதா என்றும் தெரியாது. அந்த நிலையில் அமெரிக்க வீரர்கள் உள்ளே இறங்கி, மூடியைத் தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார்கள். அசாத்தியத் துணிச்சல்தான், சரி!

ஜெர்மனி தன் செய்திகளைச் சங்கேதமாக மாற்றப் பயன்படுத்திய எனிக்மா கருவியும் சங்கேதப் புத்தகங்களும் சிக்கின. விஷயம் கசிந்தால் ஜெர்மனி சங்கேதத்தை மாற்றிவிடுமே? அதனால் பிடிபட்ட 58 பேரையும் லூசியானா முகாமில் தனியாக அடைத்து, வீட்டுக்குக் கடிதம்கூடப் போகவிடவில்லை. செத்துவிட்டார்கள் என்றே குடும்பங்கள் நினைத்தன. எனக்கு அதுதான் உறுத்துகிறது. போர் முடிந்த பிறகுதான் ஊர் திரும்பினார்கள்.