வல்லாரை, நீர்ப்பிரம்மி, என் மகன்

மார்ச் 9

பெரியம்மா அனுப்பிய பொடி வந்துவிட்டது. வல்லாரை, நீர்ப்பிரம்மி, வசம்பு, அதோடு “சில ரகசிய மூலிகைகள்” என்று டப்பாவில் ஒட்டியிருக்கிறது. “கொஞ்ச நாள் தேன்ல குழைச்சுக் கொடுத்துப் பாரும்மா, பிள்ளை கடகடன்னு பேசுவான்” என்றார் போனில். ஆட்டிசம் உள்ள, இன்னும் பேச்சு வராத என் மகனை ஒருநாளும் குறையாகப் பார்க்காதவர் அவர். அதனால்தான் பட்டென்று மறுக்க வாய் வரவில்லை. ஆனால் அந்த “ரகசிய” என்ற சொல் உறுத்துகிறது. குழந்தையின் வயிற்றுக்குள் போகிற பொருளில் என்ன ரகசியம் வேண்டியிருக்கிறது?

டப்பாவைப் பிரிக்கவில்லை. முதலில் படிக்கப் போகிறேன்.

மார்ச் 13

நீர்ப்பிரம்மியை ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர்களுக்கு அதன் சாரத்தை நாளுக்கு 300 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்த ஆய்வுகள் சிலவற்றில் நினைவாற்றல் ஓரளவு கூடியிருக்கிறது. சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்திருக்கின்றன.

சரி, ஆனால் என் மகனுக்கு நினைவாற்றலா குறைவு? ஒருமுறை போன வழியை அவன் மறந்ததே இல்லை. “மூளைக்கு நல்லது” என்று ஒரு மூலிகைக்குப் பெயர் வந்துவிட்டால் மறதி, படிப்பு, பேச்சு, ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் அதையே நீட்டுகிறார்கள். ஆட்டிசம் கருவில் மூளை உருவாகும்போதே வேர்விடுகிற ஒன்று. அதில் மரபணுக்களின் பங்கு மிகப் பெரியது. நினைவுக்கு உதவிய செடி இதற்கும் உதவுமா என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

வசம்பு இன்னும் கவலை தருகிறது. அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் எலிகளுக்குப் புற்றுநோயை உண்டாக்கியதால், உணவில் வசம்பைச் சேர்க்க அமெரிக்கா 1968இலேயே தடை விதித்துவிட்டது.

மார்ச் 21

ஆட்டிசத்துக்கென்றே செடிகளைச் சோதித்த ஆய்வுகளைத் தேடினேன். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 47 குழந்தைகள். எல்லோருக்கும் எரிச்சலைக் குறைக்கும் ரிஸ்பெரிடோன் மருந்து. பாதிப் பேருக்கு அதோடு ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாரம், மற்றவர்களுக்கு அதற்குப் பதிலாக மருந்தில்லாத வெறும் மாத்திரை. 10 வாரம் கழித்துப் பார்த்தால் இரு குழுவுக்கும் வித்தியாசமில்லை.

2014இல் வந்தது நம்பிக்கை தந்தது. பிராக்கோலி முளையிலிருந்து எடுக்கும் சல்ஃபோராஃபேனை ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு 18 வாரம் கொடுத்தார்கள். எரிச்சலும் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதும் குறைந்தன. நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு சிறுவர்களிடம் செய்த ஆய்வில் முக்கிய அளவுகோலில் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் கதவு மூடவில்லை என்றே நினைக்கிறேன். செடியில் ஒன்றுமே இல்லை என்று கையை உதறுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

மார்ச் 28

“எங்க பையன் சாப்பிட்டான், நல்லாயிட்டான்” என்று தெரபி வாசலில் ஓர் அம்மா சொன்னார். பொய் சொல்லவில்லை, அவர் கண்ணால் கண்டதுதான். செக்ரிட்டின் கதையை அவருக்குச் சொன்னேன். அது மூலிகையல்ல, குடலில் சுரக்கும் ஹார்மோன். 1998இல் மூன்று குழந்தைகளிடம் அது மாற்றம் காட்டியதாகச் செய்தி வர, பெற்றோர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். அடுத்த ஆண்டே 60 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குச் செக்ரிட்டின் ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. இரு பக்கமும் முன்னேறின, ஒரே அளவில்! உப்புநீர் போட்ட பிள்ளைகளின் பெற்றோரும் மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த மருந்தை விரும்பினார்களாம்.

எனக்கு அவர்களைப் புரிகிறது. நம் பிள்ளைகள் வளர்கிறார்கள், தெரபி நடக்கிறது, நாமும் நல்லது நடக்காதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இந்த நிலையில் எது எதனால் வந்தது என்று வீட்டிலிருந்தபடி பிரித்தறிய யாராலும் முடியாது.

ஏப்ரல் 2

உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். காலையிலிருந்து “முற்றிலும் குணமாகும்” விளம்பரங்கள் வந்தபடியே இருக்கின்றன. எல்லாவற்றையும் அழித்தேன்.

ஏப்ரல் 7

2008இல் வெளியான ஓர் ஆய்வு. இணையத்தில் விற்கும் ஆயுர்வேத மருந்துகள் 193ஐ வாங்கிச் சோதித்ததில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதோ ஒன்றாவது இருந்தது. உலோகம் சேர்த்தே தயாரிக்கும் மருந்துகளில் இது ஐந்தில் இரண்டு. வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் மண், சுண்ணாம்பு, பெயின்ட் என்று கண்டதை வாயில் வைப்பவர்கள்; அவர்களுக்கு ஈய ஆபத்து ஏற்கெனவே கூடுதல். பேச்சு வருமென்று கொடுக்கும் பொடியிலேயே ஈயம் இருந்தால்?

இன்னொன்று, மூலிகைப் பொடிகளில் சேர்க்கும் மிளகு. அதிலுள்ள பைப்பரின் என்ற வேதிப்பொருள் மற்றப் பொருள்கள் ரத்தத்தில் சேர்வதைக் கூட்டிவிடும். ஃபெனிடோயின் என்ற வலிப்பு மருந்தின் அளவை அது உயர்த்துவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என் மகனும் வலிப்புக்கு மாத்திரை எடுப்பவன்.

எல்லாவற்றையும்விட என்னைத் தடுப்பது இது: நமக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் “வயிறு எரியுது, தலை சுத்துது” என்று சொல்கிறோம். அவனால் சொல்ல முடியாது. தலையைச் சுவரில் முட்டுவான். அதைப் பார்த்து “ஆட்டிசம் அதிகமாகிவிட்டது, பொடியைக் கூட்டிக் கொடு” என்பார்கள்.

ஏப்ரல் 16

டப்பாவை மருத்துவரிடம் கொண்டுபோனேன். கேலி செய்யாமல் லேபிளை முழுக்கப் படித்தார், அதற்கே அவருக்கு நன்றி. “பையனோட எந்தப் பிரச்சினைக்கு மருந்து தேடறீங்க?” என்றார். யோசித்தால், எனக்கு உடனே தீர வேண்டியவை இரண்டு: அவன் இரவில் தூங்குவதில்லை, மலம் கழிக்க அழுகிறான். இரண்டுக்கும் சோதிக்கப்பட்ட வழிகள் இருக்கின்றன, தொடங்கியிருக்கிறோம். பேச்சுக்குத் தெரபியும் படஅட்டைகளும் தொடர்கின்றன.

பெரியம்மாவிடம் பேசினேன். பொடி கொடுக்கவில்லை என்றதும் சிறிது நேரம் மௌனம். பிறகு, “அப்போ செடியில மருந்தே இல்லைங்கிறியா?” என்றார்.

“இருக்கு பெரியம்மா. மருந்து இருக்கறதாலதான் பயப்படறேன்” என்றேன்.

நீர்ப்பிரம்மியோ வல்லாரையோ, ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் முறையாகச் சோதிக்க யாராவது முன்வந்தால் என் மகனைச் சேர்ப்பதை நான் யோசிப்பேன். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதித் தர வேண்டும். ஈயம் இல்லையென்று சோதனைச் சீட்டு வேண்டும். வலிப்பு மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று முன்பே பார்த்திருக்க வேண்டும். பேசாத பிள்ளையின் வலியை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்பதையும் எனக்குச் சொல்ல வேண்டும்.