பைலட் இல்லாத ப்ளேனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேணும்

கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம்ங்குற கம்ப்யூட்டர் கேம்ல ராக்கெட் விட்டுக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல ஸ்பேஸ்பிளேன் பக்கம் வந்துதான் ஆகணும், ரன்வேல ஓடி, மேல போய், சாட்டிலைட்ட விட்டுட்டு, திரும்ப அதே ரன்வேல வந்து இறங்குறதுல இருக்குற சுகம் தனி. நான் எடுத்துக்கிட்டது ஆளில்லாத வெர்ஷன். ஒன்றரை டன் சாட்டிலைட்ட 80 கிமீ ஆர்பிட்ல விடணும், ப்ளேன் முழுசா திரும்பி வரணும், நடுவுல ஒரு பார்ட் கூட கழட்டி விடக்கூடாது. மோட் (வெளியாட்கள் செஞ்ச சேர்க்கை) எதுவும் பறக்குறதுக்கு இல்ல, கேமோட வர்ற ஸ்டாக் பார்ட்ஸ் மட்டும்.

ஆளில்லன்னா ஈஸின்னு தோணும். மார்க் 2 காக்பிட் கிட்டத்தட்ட 2 டன், பைலட்டுக்குப் பதிலா ப்ளேன ஓட்டுற மார்க் 2 ட்ரோன் கோர் 0.2 டன். ஒரே அடியா ஒண்ணே முக்கால் டன்னுக்கு மேல மிச்சம், லாபம்தானே? எடையில லாபம்தான், ஆனா அந்த எடை போனது மூக்குலேர்ந்து. வால்ல இருக்குற ரேப்பியர் இன்ஜின் (கீழ காத்தக் குடிச்சும், மேல ராக்கெட்டாவும் ஓடுறது) 2 டன், அது அப்படியேதான் இருக்கு. மொத்த ப்ளேனும் பெட்ரோல் இல்லாம 5 டன்தான், அதுல 2 டன் கடைசி ஒரு முனையில தொங்குது. இந்தப் பதிவு முழுக்க அந்த 2 டன்ன எப்படி சமாளிச்சேங்குற கதைதான்.

முதல்ல அமைப்ப சொல்லிடுறேன். மூக்குல காத்து உறிஞ்சுற ஷாக் கோன் இன்டேக், அப்புறம் ஒரு அடாப்டர் டேங்க், ட்ரோன் கோர், சின்ன கார்கோ பே, சின்ன ராக்கெட் ஃப்யூயல் டேங்க், இன்னொரு அடாப்டர், கடைசியா ரேப்பியர். அடாப்டர் ரெண்டும் நடு டேங்க்கும் ஒவ்வொண்ணும் 180 யூனிட் லிக்விட் ஃப்யூயல், காத்தில்லாத இடத்துல அத எரிக்க 220 யூனிட் ஆக்ஸிடைஸர் பிடிக்கும். ரெண்டுமே யூனிட்டுக்கு 5 கிலோ. ரெக்கைக்கு முன்னாடி ரெண்டு பிக்-எஸ் ஸ்ட்ரேக் (ஒல்லியான முன் ரெக்கை), அதுல தலா 100 யூனிட் ஃப்யூயல்.

ரெக்கை எவ்வளவு போடுறதுங்குறதுதான் முதல் சண்டை. பிக்-எஸ் டெல்டாங்குற பெரிய ரெக்கை ரெண்டு போட்டு பாத்தேன், லிஃப்ட் (மேல தூக்குற விசை) ரேட்டிங் தலா 5. 65 மீட்டர்/செகண்ட்லயே பூ மாதிரி எழும்பிடுச்சு, ஆனா மேல போய் மாக் 1 (ஒலியோட வேகம்) கிட்ட வந்ததும் ஸ்பீடு ஏற மாட்டேங்குது, 320, 325, 325, 324ன்னு ஊசலாடிக்கிட்டே இருக்கு. எஃப்12 அமுக்குனா ஏரோ அம்புக்குறி எல்லாம் தெரியும், நீலம் லிஃப்ட், சிவப்பு ட்ராக் (காத்து பின்னாடி இழுக்குறது), ரெக்கை ரெண்டுலயும் சிவப்பு அம்பு நீட்டிக்கிட்டு நிக்குது. கீழ டைவ் அடிச்சு மாக் 1ஐ தாண்டலாம், தாண்டியும் பாத்தேன், ஆனா ஏறுன உயரம் பூரா அதுக்கே செலவாகுது. கழட்டிட்டு ரேட்டிங் 2 உள்ள சாதா டெல்டா ரெண்டு மாட்டினேன். ஸ்டாக் ரெக்கைகள்ல ரேட்டிங் 1க்கு 100 கிலோன்னு கணக்கு, அதனால 600 கிலோவும் போச்சு, ட்ராக்கும் போச்சு. இப்ப 105, 110 மீட்டர்/செகண்ட் வரைக்கும் ஓடினாத்தான் எழும்புது. ஓடட்டுமே, ரன்வே கிட்டத்தட்ட இரண்டரை கிலோமீட்டர் நீளம், யாருக்கு நஷ்டம்?

இவ்வளவு சின்ன ரெக்கை எப்படி போதுதுன்னு கேட்டா, கேமோட பூமியான கெர்பின் சின்ன கிரகம், ஆரம் 600 கிமீதான். 22 கிமீ உயரத்துல 1400 மீட்டர்/செகண்ட் ஓடும்போது, கிரகம் சுத்துற வேகத்தையும் கிழக்கு பக்கமா சேத்துக்கிட்டா, எடையில நாப்பது சதவீதத்துக்கு மேல அந்த வளைவுப் பாதையே தாங்கிடுது. ரெக்கை மீதியத் தூக்கினா போதும். அதனால ரெக்கை அளவ டேக்ஆஃபுக்காக முடிவு பண்ணாதீங்க, மாக் 1ஐ தாண்டுறதுக்காக முடிவு பண்ணுங்க.

அடுத்தது ரெக்கைய 3 டிகிரி மேல் நோக்கி சாய்ச்சு மாட்டுறது. ரொட்டேட் டூல்ல ஸ்னாப்ப ஆஃப் பண்ணிட்டு பண்ணணும். ரெக்கை சாஞ்சிருந்தா உடம்பு நேரா காத்தக் கிழிச்சுக்கிட்டு போகும், லிஃப்ட் மட்டும் ரெக்கை குடுக்கும். மார்க் 2 உடம்பு கொஞ்சம் லிஃப்ட் குடுக்கும்னாலும் மூக்கத் தூக்கிக்கிட்டு பறந்தா அதோட ட்ராக் பயங்கரம், அதனால இந்த 3 டிகிரியோட பலன் உடனே ஸ்பீடோமீட்டர்ல தெரியும். கூடவே ஒரு தொல்லை, ரெக்கை சென்டர் ஆஃப் மாஸுக்கு (எடையோட மையம்) பின்னாடி இருக்குறதால மூக்கு எப்பவும் கீழ குனியப் பாக்கும், வால் எலிவான (மூக்கத் தூக்கி இறக்குற அசையுற தகடு) எப்பவும் கொஞ்சம் சாஞ்சே இருக்குற மாதிரி ட்ரிம் குடுத்து வெக்கணும்.

எடை குறைப்புல பெரிய வெட்டு ஆக்ஸிடைஸர்ல கிடைச்சது. மூணு டேங்க்லயும் ரொப்பினா 660 யூனிட். ரேப்பியர் காத்தக் குடிச்சே 1400க்கு மேல கொண்டு போயிடுது, அதுக்கப்புறம் க்ளோஸ்ட் சைக்கிள்ல, அதாவது ராக்கெட்டா ஓடி, 1000 மீட்டர்/செகண்ட் சொச்சம் இருந்தா ஆர்பிட் வந்துடும். இதுக்கு 440 யூனிட் தாராளம். மூக்கு அடாப்டர்ல இருந்த 220ஐயும் ஸ்லைடர இழுத்து ஜீரோ பண்ணிட்டேன், 1.1 டன் காலி. டேக்ஆஃப் எடை 12 டன் சொச்சத்துல வந்து நின்னுச்சு. இன்ஜின் காத்துலேர்ந்து ராக்கெட்டுக்கு மாறுறத ஆட்டோவுல விடாம, ஒரு கீயில ஆக்‌ஷன் க்ரூப்பா வெச்சுக்கிட்டேன், ஆட்டோ எப்ப மாறும்னு பாத்துக்கிட்டு இருக்குறது நமக்கு ஆகாது.

மேல போறது இவ்வளவுதான். கீழ வர்றதுதான் விஷயமே.

ப்ளேன் கட்டுற ஹேங்கர்ல மஞ்சள் பந்து மாஸோட மையம், நீலப் பந்து லிஃப்ட்டோட மையம். மஞ்சள் முன்னாடி, நீலம் பின்னாடி இருக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஹேங்கர்ல தெரியுற மஞ்சள் பந்து டேங்க் ஃபுல்லா இருக்கும்போது உள்ளது. எரிய எரிய அது வால் பக்கம் நகரும், ஏன்னா எரியாத ஒரே கனம் இன்ஜின்தான். கார்கோவ விட்டதும் இன்னும் நகரும். இன்னொண்ணு, நீலப் பந்து லிஃப்ட்டோட கணக்கு மட்டும்தான், உடம்போட ட்ராக் அதுல வராது. பந்து ரெண்டும் அழகா இருக்கேன்னு நம்பி இறக்குனா 30 கிமீ கிட்ட மூக்கு மெதுவா ஒரு பக்கம் ஆடும், ப்ளேன தானா நேரா பிடிக்கிற எஸ்ஏஎஸ் எதிர்ப்பக்கம் இழுக்கும், திடீர்னு ப்ளேன் வாலு முன்னாடி மூக்கு பின்னாடின்னு திரும்பிக்கும். ஆள் இருந்தாலாவது பரவாயில்ல, ட்ரோன்ல அந்த ஆட்டத்த சமாளிக்க ரியாக்‌ஷன் வீல் (சுத்தி ப்ளேனத் திருப்புற சக்கரம்) கரண்ட்டக் குடிச்சுத் தள்ளும், பேட்டரி ஜீரோ ஆச்சுன்னா ஒரு பட்டன் கூட வேலை செய்யாது, தீப்பிடிச்சுக்கிட்டு உருளுறத கைகட்டி வேடிக்கைதான் பாக்கணும்.

ஆர்சிஎஸ் பில்ட் எய்ட் மோட் போட்டா காலி டேங்க்கோட மாஸ் பந்தையும் தனியா காட்டும், ஹேங்கர்ல மட்டும்தானே, பறக்குறதுக்கு இல்லன்னு அத சேத்துக்கிட்டேன். பாத்தா காலி மாஸ் நீலத்துக்குப் பின்னாடி கிடக்கு. ரெக்கைய பின்னாடி தள்ளினேன், காலி டேங்க்ல சரி ஆச்சு. ஆனா ஃபுல் டேங்க்ல மூக்கு அவ்வளவு கனம் ஆகிடுச்சு, ரன்வே கடைசி வரைக்கும் மூக்கு தூக்கல, பின் சக்கரத்த மாஸுக்கு ஒட்டி முன்னாடி நகத்தின பிறகுதான் எழும்புச்சு. மேல போகும்போதும் எலிவான் முழுக்க வளைஞ்சே இருக்கு, அதுவும் ட்ராக்தான். ஸ்ட்ரேக்க முன்னாடி தள்ளினா அதுல இருக்குற ஃப்யூயல் முன்னாடி போகும்னு பாத்தா, அதோட லிஃப்ட்டும் கூடவே முன்னாடி போய் நீலப் பந்த இழுத்துக்கிட்டு போகுது.

கடைசியா ஒத்து வந்தது பம்பிங். ரெக்கைய பாதி தூரம் மட்டும் பின்னாடி வெச்சுட்டு, கீழ இறங்குறதுக்கு முன்னாடி மிச்சம் இருக்குற லிக்விட் ஃப்யூயல் மொத்தத்தையும் மூக்கு அடாப்டருக்கு மாத்திடுறது. 130, 140 யூனிட் மிஞ்சும், 700 கிலோ கிட்ட. 5 டன் ப்ளேன்ல 700 கிலோ மூக்குல ஏறுனா அது பெரிய விஷயம். பேட்டரியையும் மூக்குப் பக்கம் கொண்டு போனேன், எப்படியும் தூக்கிக்கிட்டு போற எடை, உபயோகமான இடத்துல இருக்கட்டும். இப்ப 25 டிகிரி மூக்கத் தூக்கி வெச்சுக்கிட்டு இறங்குனாலும், எஸ்ஏஎஸ்ஸ அணைச்சா தானா மூக்கு நேர வந்து நிக்குது. ஆன்டெனாவுக்கு கம்யூனோட்ரான் 16-எஸ் போடுங்க, நீட்டுற வகை காத்துல பிச்சுக்கும், சிக்னல் போனா ட்ரோன் பாதி செத்த மாதிரி.

இது நம்ம கேம்ல மட்டும் இருக்குற வியாதி இல்ல. 1980கள்ல பிரிட்டன்ல ஹோட்டால்னு ஒரு ஆளில்லா ஸ்பேஸ்பிளேன் வரைஞ்சாங்க, பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸும் ரோல்ஸ் ராய்ஸும் சேர்ந்து. இன்ஜின் வால்ல, கனம் பின்னாடி, ஸ்பீடு மாற மாற லிஃப்ட் மையம் வேற இடம் மாறுது, அத சரிக்கட்ட சரிக்கட்ட பேலோட் (தூக்கிக்கிட்டு போற சரக்கு) கரைஞ்சுக்கிட்டே போச்சு. அந்த இன்ஜினோட ஐடியாக்காரர் ஆலன் பாண்ட், பின்னாடி ஸ்கைலான்னு வரைஞ்சப்ப இன்ஜின் ரெண்டையும் ரெக்கை நுனிக்குக் கொண்டு போயிட்டாங்க. அதுவும் பறக்கல, அவங்க கம்பெனி ரியாக்‌ஷன் இன்ஜின்ஸ் 2024ல திவால் நடவடிக்கைக்குப் போயிடுச்சு, ஆனா வரைபடம் சரியான வரைபடம். அதுக்கான சேபர் இன்ஜினப் பாத்துதான் கேம்ல ரேப்பியரே வந்துச்சு. அமெரிக்காவோட ஆளில்லா ஸ்பேஸ்பிளேன் எக்ஸ்-37பி இதுல தப்பிச்சது எப்படின்னா, அது ராக்கெட் மேல உக்காந்து போகுது, ரெக்கை இறங்குறதுக்கு மட்டும்தான்.

அதனால ரெண்டாவது ப்ளேன அப்படியே ஸ்கைலான் மாதிரி கட்டினேன். ரெண்டு ரேப்பியர், ரெக்கை நுனியில கூடு கட்டி, உடம்பு நடுவுக்கு நேரா. முன்னாடியும் பின்னாடியும் சமமா டேங்க். ஃபுல் மாஸ் பந்தும் காலி மாஸ் பந்தும் கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடுச்சு, பம்பிங் தேவையே இல்ல, கார்கோ பேயும் சரியா அங்கயே இருக்குறதால சாட்டிலைட்ட விட்டாலும் நகரல. டேக்ஆஃப் எடை 26 டன், பேலோட் 4 டன். விலை என்னன்னா ரெண்டு கூடோட ட்ராக், அப்புறம் நுனியில 2 டன் தொங்குறதால ரெக்கை ரன்வேலயே தளதளன்னு ஆடுது, பார்ட்ஸ இறுக்கிப் பிடிக்கிற ஆட்டோஸ்ட்ரட் போட்டே ஆகணும்.

லேண்டிங்ல ரெண்டுமே சாது. சின்னது 6 டன்னுக்குள்ள வர்றதால 60 மீட்டர்/செகண்ட்ல இறங்குது, அதாவது 216 கிமீ வேகம். இஸ்ரோவோட ரெக்கை வெச்ச ஆளில்லா சோதனை விண்கலம் புஷ்பக் 2024 ஜூன்ல சித்ரதுர்காவுல இறங்கினப்ப 320 கிமீக்கு மேல, பயணிகள் விமானம் 260தான். சின்ன ரெக்கை, கம்மி லிஃப்ட், அதுக்கு அவங்க ப்ரேக் பாராசூட் வெச்சிருந்தாங்க. எனக்கு கேம்ல இன்னும் தேவைப்படல.

இப்ப வேலை நடக்குறது ஸ்கைலான் மாடல்லதான். மாக் 1 கிட்ட இன்னும் கொஞ்சம் திணறுது, ரெக்கை சாய்வ 3லேர்ந்து 2 ஆக்கிப் பாக்கணும், கூட்டோட நீளத்தக் குறைச்சுப் பாக்கணும். அது முடிஞ்சா கார்கோ பேக்குப் பதிலா ஒரு நெர்வ் (அணுசக்தி) இன்ஜின் வெச்சு, கெர்பினோட நிலாவான முன் வரைக்கும் போகுமான்னு பாக்குற பிளான், நெர்வ் 3 டன், அத எங்க வெக்கிறதுன்னுதான் இப்ப ஹேங்கர்ல பந்த உருட்டிக்கிட்டு இருக்கேன்.