வெண்புள்ளியும் கைப்பேசிப் படங்களும்

சர்க்கரை நோயையோ தைராய்டு கோளாறையோ ஆளைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது என்பதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் தோலில் வருவது கண்ணுக்குத் தெரிவதால், அது இன்ன நோய் என்பதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். தோல் திட்டுத்திட்டாக நிறமிழக்கும் வெண்புள்ளி உள்ளவர்களுக்கான முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த நினைப்பின் மேல்தான் நிற்கிறது.

எனக்கும் வெண்புள்ளி உண்டு. அத்தகைய குழுக்கள் சிலவற்றில் நெடுநாளாக இருக்கிறேன். அவற்றால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உடலின் எதிர்ப்பு மண்டலம் நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருவது இந்நோய் என்பதும், அதே காரணத்தால் தைராய்டு பாதிப்பும் சேர்ந்து வரக்கூடும் என்பதும் ஓர் அக்கா அங்கே எழுதியதைப் படித்த பிறகுதான், தைராய்டு பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதை எப்போது சொல்வது, திருமணத்தன்று புள்ளிகளை மறைக்க எந்த வகைப் பூச்சு வியர்வைக்குத் தாங்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு, பட்டவர்கள் சொல்லும் பதிலுக்கு ஈடு இல்லை. மீனும் பாலும் சேர்த்து உண்டதால் வந்தது என்ற ஆதாரமற்ற பேச்சு அங்கும் உலவுகிறது, அதை விட்டுவிடலாம்.

சிக்கல் படங்களில் இருக்கிறது. குழந்தையின் கன்னத்தில் வெளிறிய திட்டு ஒன்றைப் படமெடுத்து ஒரு தாய் பதிவிடுகிறார். அடுத்த சில நிமிடங்களில் அது வெண்புள்ளிதான் என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. அது வெறும் தேமலாகவும் இருக்கலாம். உணர்ச்சியற்ற திட்டாக இருந்தால் தொழுநோயைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும். திட்டைத் தொட்டால் உணர்கிறதா, செதில் உதிர்கிறதா என்பதைப் படம் சொல்லாது. மருத்துவர் இருட்டறையில் உட்ஸ் விளக்கு என்னும் புற ஊதா விளக்கைப் பிடித்தால் வெண்புள்ளி நீலங்கலந்த வெண்மையாகப் பளிச்சிடும். அந்த வேறுபாடு கைப்பேசி வெளிச்சத்தில் கிடைக்காது.

சிகிச்சைக்கு 'முன், பின்' என்று போடும் படங்களின் சங்கதி இன்னும் மோசம். முதல் படம் சன்னல் வெளிச்சத்தில், இரண்டாவது மஞ்சள் விளக்கில். முழங்கையின் மடிப்பு வேறு, சில சமயம் கையே வேறு. நிறம் உண்மையில் திரும்பும்போது பெரும்பாலும் மயிர்க்கால்களைச் சுற்றிச் சிறு பழுப்புப் புள்ளிகளாக முளைத்து, மாதக்கணக்கில் பரவி ஒன்றுசேரும். முகமும் கழுத்தும் ஓரளவு எளிதில் இணங்கும். மயிர்க்கால் இல்லாத விரல்நுனியும் உதடும் எளிதில் இணங்குவதில்லை. ஆகவே விரல்நுனி முழுவதும் மூன்றே வாரத்தில் நிறம் மாறியதாகக் காட்டி, "விவரத்துக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று முடியும் பதிவை நான் நம்புவதில்லை.

அப்படிப் பரப்பப்படும் மருந்துகளுள் ஆபத்தானது கார்போகரிசி என்னும் விதை. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதாலேயே அது சாதுவான சரக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அதிலுள்ள சோராலென் என்னும் பொருள், புற ஊதாக் கதிர் பட்டால் தோலை எளிதில் வேகச் செய்யும். மருத்துவமனையில் இதே தத்துவத்தை அளந்த கதிரோடு, கண்காணிப்பில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டைமாடி வெயிலில் நிற்கச் சொல்லும் காணொளியில் அளவு ஏது? கொப்புளம் கிளம்பும், அது ஆறும் இடத்தில் புதிய வெண்புள்ளியே தோன்றக்கூடும், ஏனெனில் காயம்பட்ட தோலில் இந்நோய் பரவுவது தெரிந்த இயல்பு.

அண்மைக்காலமாக, எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைத் தணிக்கும் ரக்சோலிட்டினிப் களிம்பைப் பற்றிய பதிவுகள் மிகுந்திருக்கின்றன. 2022 ஜூலையில் அமெரிக்காவில் வெண்புள்ளிக்கென அதற்கு ஒப்புதல் கிடைத்தது உண்மை. 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, குறிப்பிட்ட வகை வெண்புள்ளிக்கு மட்டுமே அந்த ஒப்புதல் என்ற பகுதி, பகிரப்படும் படங்களில் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிடுகிறது.

படங்களே வேண்டாம் என்பதில்லை. என் புள்ளிகளை ஒரே சன்னலருகே, காலை வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அவ்வப்போது எடுத்து வைக்கிறேன். அவற்றை எந்தக் குழுவிலும் போடுவதில்லை. ஒளிச்சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பேசும் நாளில் மருத்துவரின் மேசைமேல் வைக்கிறேன். சென்ற முறை கழுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நடுவில் முளைத்திருந்த பழுப்புப் புள்ளிகளை எனக்கும் காட்டிவிட்டு, தொடரலாம் என்றார்.