டிலன் ஒலிப்பதிவுகள்: பட்டியல் வேலை நாட்குறிப்பு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பட்டியலில் ஒரு வரி என்றால் எது என்பதை இன்று முடிவு செய்துவிட்டேன். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் ஒரு பாட்டை ஒரு தடவை பாடினால் அதற்கு ஒரு வரி. தேதி, இடம், எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி), உடன் வாசித்தவர்கள், எந்த டேப், எப்போது எந்த ரெக்கார்டில் வெளியானது, எல்லாம் அந்த வரிக்குள். பாட்டுக்கு ஒரு வரி, ஆல்பத்துக்கு ஒரு வரி என்று போட்டால் இவர் விஷயத்தில் எதுவும் மிஞ்சாது.

'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1965 ஜூன் 15, 16. நியூயார்க் ஏழாவது அவென்யூ, 799-ஆம் எண் கட்டடம், கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டூடியோ ஏ. முதல் நாள் அது திஸ்ர நடையில், வால்ட்ஸாக ஆடிக்கொண்டிருக்கிறது. மறுநாள் நடை மாறிவிட்டது. கிட்டார் வாசிக்கும் எண்ணத்தோடு வந்த 21 வயது அல் கூப்பர், மைக் புளூம்ஃபீல்டின் வாசிப்பைக் கேட்டதும் கிட்டாரை வைத்துவிட்டு, பிறகு ஆர்கன் பக்கம் நழுவிப் போய் உட்கார்ந்தார். அன்றைய நான்காவது டேக்தான் உலகம் கேட்ட ஆறு நிமிடச் சிங்கிள். அது கிடைத்தபிறகும் பதினைந்தாவது டேக் வரை முயன்றிருக்கிறார்கள். பாதியில் நிற்கிறது, தாளம் தடுமாறுகிறது, சிரிப்பு வருகிறது. நான்காவது எவ்வளவு அபூர்வமாகக் கூடிவந்தது என்பது ஐந்திலிருந்து பதினைந்து வரை கேட்டால்தான் தெரிகிறது. 2015-இல் வந்த 'தி கட்டிங் எட்ஜ்' தொகுப்பில் ஒரு முழுத்தட்டே இந்த ஒரு பாட்டுக்கு.

இரண்டு நாட்களின் டேக்குகளும் தனித்தனி வரிகளாக ஏறிவிட்டன.

ஜனவரி 11, சனி

1966. இந்த ஆண்டுக்காகத்தான் பட்டியலையே தொடங்கினேன் என்று சொல்லலாம்.

'ராயல் ஆல்பர்ட் ஹால்' என்ற பெயரில் அனுமதியில்லாத கள்ளத்தட்டாகப் பல ஆண்டுகள் சுற்றிய அந்தக் கச்சேரி, லண்டனில் நடந்தது அல்ல. மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால், மே 17. 1998-இல் கொலம்பியாவே அதை வெளியிட்டபோது பழைய பெயரை மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்துக்கொண்டது. அதற்குள் அந்தப் பெயர் அவ்வளவு ஊறிப்போயிருந்தது. நிஜமான ராயல் ஆல்பர்ட் ஹால் இரவுகள் மே 26, 27. அதில் 26-ஆம் தேதிக் கச்சேரி 2016-இல் தனியாக வந்தது.

இவ்வளவு நாள் எப்படி ஊர் மாறிக் கிடந்தது என்று கேட்டால், காரணம் அந்தச் சுற்றுப்பயணத்திலேயே இருக்கிறது. இரவுக்கு இரவு கிட்டத்தட்ட அதே பாட்டுகள், அதே வரிசை. முதல் பாதியில் தனி ஆளாகக் கிட்டாரும் ஹார்மோனிகாவும், ஏழு பாட்டு. இடைவேளைக்குப் பிறகு மின்கிட்டார்களோடு குழு, எட்டுப் பாட்டு. பாட்டுப் பட்டியலை வைத்து ஊரைச் சொல்லவே முடியாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நடப்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்: சுருதி சேர்க்க எடுத்த நேரம், மின்கிட்டாரைப் பிடிக்காத ரசிகர்களிடம் மெதுவாகத் தொடங்கி அரங்கம் முழுக்கப் பரவும் கைதட்டல் எதிர்ப்பு, முணுமுணுத்த ஒரு வாக்கியம். மான்செஸ்டரில் கடைசிப் பாட்டுக்கு முன் கூட்டத்திலிருந்து ஒருவர் 'ஜூடாஸ்!' (இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ்) என்று கத்துகிறார். 'நான் உன்னை நம்பவில்லை, நீ பொய்யன்' என்கிறார் டிலன். பிறகு குழு பக்கம் திரும்பி, சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். அடுத்த நொடி டிரம்ஸ் அடி விழுகிறது.

அந்த அடி மிக்கி ஜோன்ஸுடையது. இதைப் பட்டியலில் அழுத்திக் குறித்திருக்கிறேன். இந்தக் குழுவின் பிற்காலப் பெயரான 'தி பேண்ட்' என்று மொத்தமாக எழுதினால் அவர்களுடைய டிரம்ஸ் கலைஞர் லெவன் ஹெல்ம் பெயரும் சேர்ந்து வந்துவிடும். அவர் 1965 நவம்பர் கடைசியிலேயே விலகிப் போய்விட்டார். அந்தப் பெயரும் அப்போது கிடையாது, அவர்கள் ஹாக்ஸ். ராபி ராபர்ட்சன், ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மானுவல், கார்த் ஹட்சன், டிரம்ஸில் மிக்கி ஜோன்ஸ்.

இன்னொன்று: மின்கிட்டார் பாதியைத் தொடங்கிவைக்கும் 'டெல் மீ, மாமா' எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் இல்லை. அந்தப் பாட்டு இருப்பதெல்லாம் 1966 மேடைகளில் மட்டும். டேப் ஓடாமல் போயிருந்தால் அது இல்லவே இல்லை. 2016-இல் அந்த ஆண்டுக்கென்றே 36 குறுந்தட்டுகள் கொண்ட பெட்டி வந்தது. அரங்கின் ஒலிக்கலவைப் பலகையிலிருந்து நேராக எடுத்த சவுண்ட்போர்டு டேப் கிடைக்காத இரவுகளுக்குப் பார்வையாளர் பதிவையும் அதில் சேர்த்தார்கள். எட்டாத தூரத்தில் கேட்கும் அந்த இரைச்சல் பதிவுகளை ஒதுக்காமல் சேர்த்ததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்றோடு சரியாக 35 ஆண்டு. 1990 ஜனவரி 12, கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் டோட்ஸ் பிளேஸ் என்ற சின்ன கிளப். நான்கு பகுதி, 50 பாட்டு, நான்கு மணி நேரத்துக்கும் மேல். கூட்டத்தினர் பாடச் சொல்லிக் கேட்ட பாட்டைக்கூடப் பாடிப் பார்க்கிறார். மதியம் முழுக்க இது ஒன்றைத்தான் ஏற்றினேன்.

ஜனவரி 22, புதன்

கார்த் ஹட்சன் போய்விட்டார். 87 வயது. தி பேண்டின் கடைசி ஆள்.

அவருடைய ஆர்கனைப் பற்றி எழுத நிறையப் பேர் இருப்பார்கள். நான் எழுத நினைப்பது அவர் டேப் ஓடவிட்டதைப் பற்றி. 1967 கோடையில் நியூயார்க் மாநிலம் வெஸ்ட் சாகர்டீஸில், பிக் பிங்க் என்று பெயர்பெற்ற வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் டிலனும் இவர்களும் உட்கார்ந்து வாசித்தபோது, ரெக்கார்டரைக் கவனித்தவர் கார்த். பழைய நாட்டுப்புறப் பாட்டு, அப்போதுதான் எழுதிய பாட்டு, விளையாட்டுக்குக் கட்டிய பாட்டு என்று எது வந்தாலும் டேப் ஓடியது. ஸ்பூல்களுக்கு அவர் வைத்திருந்த எண் வரிசையைத்தான் 2014-இல் 'பேஸ்மென்ட் டேப்ஸ் கம்ப்ளீட்' தொகுத்தவர்களும் பின்பற்றினார்கள். ஆறு குறுந்தட்டு, 138 பதிவு. 1975-இல் அதிகாரபூர்வமாக வந்த இரட்டை ஆல்பத்தில் இருந்தவை 24 மட்டுமே; அவற்றிலும் எட்டு டிலன் இல்லாமல் தி பேண்ட் பாடியவை, சிலவற்றில் பின்னால் சேர்த்த வாசிப்புகளும் உண்டு. ஆகவே 1975 பதிப்பும் 2014 பதிப்பும் பட்டியலில் ஒரே பாடலின் இரண்டு மிக்ஸ் (ஒலிக்கலவை) என்று பிரித்தே காட்டப்பட்டிருக்கின்றன.

'ஐ'ம் நாட் தேர்' அந்த 24-இல் இல்லை. 2007 வரை கள்ளத்தட்டுகளில்தான் கேட்க முடிந்தது. பாதி சொற்கள் இன்னும் உருவாகவில்லை, இசை மட்டும் முழுமையாக இறங்கிவிட்டது. அடுத்த டேக் எடுக்கவே இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்காக கார்த்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இன்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

வேகம் பற்றி.

ஒரு டேப் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க டிலனே ஒரு கருவியைக் கையில் கொடுத்திருக்கிறார்: ஹார்மோனிகா. கிட்டாரை இறக்கிக் கட்டலாம், கழுத்தில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டுச் சுருதி ஏற்றலாம், குரல் எங்கும் போகும். ஹார்மோனிகாவின் சுருதி தொழிற்சாலையிலிருந்து வந்தபடி நிற்கும். அது கால் சுருதி ஏறி ஒலித்தால் டேப்பில்தான் கோளாறு. அரங்கில் கையடக்க ரெக்கார்டரில் எடுத்தவற்றில் இது அடிக்கடி வரும். பேட்டரி தளரத் தளர மோட்டார் மெதுவாகச் சுற்றும். அதை வீட்டில் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு போகப் போக ஏறிக்கொண்டே வரும்.

ஆனால் 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' விஷயத்தில் வேகம் வேண்டுமென்றே கூட்டப்பட்டது. 1974 செப்டம்பரில் நியூயார்க் ஏ அண்ட் ஆர் ஸ்டூடியோவில் பதிவு. (அதே 799 ஏழாவது அவென்யூ, கொலம்பியா விட்டுப்போன இடம் கை மாறியிருந்தது.) பாட்டுகளை இரண்டு மூன்று சதவீதம் வேகமாக்கச் சொன்னார் டிலன். வானொலியில் எடுப்பாகக் கேட்க அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். 2018-இல் 'மோர் பிளட், மோர் டிராக்ஸ்' பழைய வேகத்திலேயே வந்தது. அதே டேக், அதே குரல், ஆனால் துக்கம் இன்னும் கனக்கிறது. இரண்டு வேகத்துக்கும் தனிக் குறியீடு வைத்துவிட்டேன்.

அந்த ஆல்பத்தின் சோதனைத் தட்டுகள் அச்சானபிறகு டிசம்பர் 27, 30 தேதிகளில் மினியாபோலிஸ் சவுண்ட் 80 ஸ்டூடியோவில் ஐந்து பாட்டுகளை உள்ளூர்க் கலைஞர்களோடு மறுபடி பதிவு செய்தார். அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் அவர்கள் பெயர் அதில் வரவில்லை. என் பட்டியலில் வாசித்த ஒவ்வொருவர் பெயரும் பாட்டுக்கு நேராக இருக்கிறது. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

'டேங்கிள்ட் அப் இன் புளூ' நியூயார்க்கில் 'அவன்' கதையாகத் தொடங்குகிறது, மினியாபோலிஸில் 'நான்' கதையாகிவிட்டது. 1984-இல் ஐரோப்பிய மேடையில் பெரும்பகுதியைத் திருப்பியே எழுதிவிட்டார். இப்படிப்பட்டவருக்குப் பாட்டு எழுதி முடிந்த தேதி என்று ஒரு கட்டம் வைக்கவே முடியாது. எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று இசைத்தட்டுகள்.

1963 மே மாதம் 'தி ஃப்ரீவீலின்' வெளிவரும் தறுவாயில் நான்கு பாட்டுகள் நீக்கப்பட்டு வேறு நான்கு வந்தன. நீங்கியவற்றில் ஒன்று, கம்யூனிச எதிர்ப்பு அமைப்பான ஜான் பர்ச் சொசைட்டியைக் கிண்டல் செய்யும் பாட்டு. மே 12 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைப் பாடக்கூடாது என்றதும் டிலன் வெளியே வந்துவிட்டார். புதிதாகச் சேர்ந்தவற்றில் 'மாஸ்டர்ஸ் ஆஃப் வார்', 'கேர்ள் ஃப்ரம் தி நார்த் கண்ட்ரி' இரண்டும் உண்டு. ஆல்பம் இதனால் மேலானதாகவே ஆனது என்பது என் எண்ணம்.

பழைய நான்கு பாட்டுகளோடு தப்பிவந்த பிரதிகள் மிகமிகச் சொற்பம். லேபிளில் புதுப்பாட்டு அச்சாகி, ஊசி வைத்தால் பழைய பாட்டு வருகிறது, தலைகீழாகவும் உண்டு. ஆகவே லேபிளை நம்பாமல், பாட்டு முடிந்தபின் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைப் பார்க்கவேண்டும், பிறகு கேட்கவேண்டும்.

இதே மாதிரிதான் 'பாஸிட்டிவ்லி 4த் ஸ்ட்ரீட்' சிங்கிளின் சில தொடக்கப் பிரதிகளும். ஊசி வைத்தால் 'கேன் யூ ப்ளீஸ் க்ரால் அவுட் யுவர் விண்டோ?'வின் முதல் வடிவம் ஒலிக்கும். 'ஹைவே 61 ரீவிசிட்டட்' அமெரிக்க முதல் அச்சில் 'ஃப்ரம் எ பியூக் 6' வேறு டேக். ஹார்மோனிகாவில் தொடங்கினால் அதுதான்.

என்னோடு சேர்ந்து கேட்டுச் சரிபார்க்கும் தம்பி, 'அண்ணே, லேபிள்ல ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னா எதைப் போடறது?' என்று கேட்டான். கேட்டதைப் போடு, லேபிளில் இருப்பதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுது என்றேன். 1961 டிசம்பர் 22 டேப்புக்கும் அதே விதிதான். அதை 'மினசோட்டா ஹோட்டல் டேப்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எடுத்தது மினியாபோலிஸில் ஒரு தோழியின் வீட்டில். 1969-இல் வெள்ளை உறையில் வந்து ராக் கள்ளத்தட்டுக் காலத்தையே தொடங்கிவைத்த 'கிரேட் வைட் வொண்டர்' தட்டின் பல பாட்டுகள் அதிலிருந்து வந்தவைதான்.

பிப்ரவரி 15, சனி

ஸ்டூடியோ டேப் பெட்டிகளில் எழுதியிருக்கும் பாட்டின் பெயரும் வேறாக இருக்கும். 'ஃப்ரீஸ் அவுட்' என்றால் 'விஷன்ஸ் ஆஃப் ஜோஹானா'. 'ஃபேண்டம் எஞ்சினியர்' பின்னால் 'இட் டேக்ஸ் எ லாட் டு லாஃப்' ஆனது. 1965 ஜூலை 25 நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் மின்கிட்டாரோடு பாடிய மூன்றில் அது ஒன்று. டென்மார்க்கின் மைக்கேல் குரோக்ஸ்கார்டு கொலம்பியாவின் சொந்த ஆவணங்களைப் பார்த்து 1990-களில் வெளியிட்ட அமர்வு விவரங்கள் இல்லையென்றால் இவற்றை என்னால் இணைத்திருக்கவே முடியாது. மேடைக் கச்சேரிகளுக்கு ஸ்வீடனின் ஓலோஃப் பியோர்னர். என் பட்டியல் அவர்கள் தோள்மேல் நிற்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

சட்டமும் பட்டியலுக்குள் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுக் காப்புரிமையை 50 ஆண்டிலிருந்து 70 ஆக உயர்த்தியது. ஆனால் 50 ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. அதனால் 2012 கடைசியில் 1962-ஆம் ஆண்டுப் பதிவுகள் நான்கு தட்டாக, சுமார் 100 பிரதி மட்டும் ஐரோப்பாவில் வெளியாயின. அடுத்த ஆண்டு ஆறு எல்பி (பெரிய இசைத்தட்டு). அதற்கடுத்து ஒன்பது எல்பி, 1,000 பிரதி. கேட்பதற்காக வெளியிட்டவை என்று இவற்றைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் தேதியோடு, சுத்தமான ஒலியோடு அவை வெளியே வந்துவிட்டன. ஒரு டேப்பின் மூலம் எது என்று இருந்த பல கேள்விகள் அத்தோடு தீர்ந்தன.

பிப்ரவரி 23, ஞாயிறு

'பிளைண்ட் வில்லி மெக்டெல்'. 1983 மே 5, நியூயார்க் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோ. டிலன் பியானோ, மார்க் நாஃப்ளர் கிட்டார். 'இன்ஃபிடல்ஸ்' ஆல்பத்தில் சேர்க்கவில்லை. 1991-இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. முழுக் குழுவோடு எடுத்த வடிவமும் இருக்கிறது. நல்ல வாசிப்பு, ஆனால் அந்த இருவர் டேக்கில் உள்ள அச்சம் அதில் இல்லை. மேடையில் 1997-இல்தான் முதலில் பாடினார், அதுவும் தி பேண்ட் அதைப் பதிவு செய்து சில ஆண்டுகள் கழித்து.

1983-க்கும் 1991-க்கும் நடுவே இருந்த எட்டு வருட இடைவெளியில் பாட்டைக் காப்பாற்றியது கைமாறிய கேசட்டுகள். அனுமதியில்லாமல் சுற்றியவைதான். நான் எதையும் நகல் எடுத்துக் கொடுப்பதில்லை, விற்பதும் இல்லை. ஆனால் எங்கே, யார் இருக்கையிலிருந்து, எத்தனையாவது தலைமுறை நகலாக ஒரு பதிவு வந்தது என்பது வரலாறு. அதைப் பட்டியலிலிருந்து நீக்கமாட்டேன். 1988 ஜூன் 7 அன்று கலிஃபோர்னியா கான்கார்டில் தொடங்கிய தொடர்பயணம் 2019-இல் இன்ஸ்ப்ரூக்கில் 3,000-ஆவது கச்சேரியைத் தொட்டது. அவற்றில் ஆல்பங்களாக வந்தவை சொற்பம். மற்றதில் பெரும்பாலானவை கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எடுத்தவை.

அடுத்த வாரம் 1978. டோக்கியோ புடோகான், பிப்ரவரி 28, மார்ச் 1. 2023 பெட்டியில் இரண்டு இரவும் சேர்ந்து 58 பதிவு. பழைய இரட்டை ஆல்பத்தில் எந்தப் பாட்டு எந்த இரவு என்று பாட்டுக்குப் பாட்டு ஒப்பிட்டுப் பிரிக்கவேண்டும். தம்பி முதல் இரவை எடுத்துக்கொள்கிறான், நான் இரண்டாவதை.