தராசில் ஐந்து கிராம்

அமெரிக்காவில் ஒரு தடயவியல் ஆய்வகத்தின் போதைப்பொருள் பிரிவில் பல ஆண்டுகள் வேதியியலாளராக வேலை பார்த்தேன். காவல்துறை முத்திரையிட்டு அனுப்பும் பொட்டலத்தைப் பிரித்து, எடை போட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறிக்கை எழுதித் தர வேண்டும். அது கறுப்பரிடம் பிடிபட்டதா, வெள்ளையரிடமா என்பது எங்கள் மேசைக்கு வராது. ஆகவே நம் வேலையில் நிறத்துக்கு இடமில்லை என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த நிம்மதி வாய்த்ததில்லை.

1986 ஜூனில் கூடைப்பந்து வீரர் லென் பயஸ் கொக்கெய்னால் இறந்தார். நாடு கொதித்துப்போயிருந்த அந்த வேகத்தில், சில மாதங்களுக்குள் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. விற்பனை வழக்கில் தூள் கொக்கெய்ன் 500 கிராம் இருந்தால் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. புகைப்பதற்காகக் கட்டியாக்கிய கொக்கெய்னான கிராக் என்றால் அதே ஐந்தாண்டுக்கு 5 கிராம் போதும்.

கிராக் வேறு சரக்கல்ல. தூளைத் தண்ணீரும் சமையல் சோடாவும் சேர்த்துக் காய்ச்சினால் ஹைட்ரோகுளோரைடு பிரிந்து கட்டியாகிவிடும். வாயு நிறப்பகுப்பு, நிறை நிறமாலை என்ற எங்கள் வழக்கமான சோதனைகளில் இரண்டும் கொக்கெய்ன் என்றே காட்டும். பிரித்தறிய அகச்சிவப்பு நிறமாலை வேண்டும். அந்த வரைகோட்டில் தெரியும் வித்தியாசத்துக்குத்தான் நூறு மடங்கு! தூய்மையையும் சட்டம் கேட்பதில்லை. கலப்படத்தோடு சேர்ந்த மொத்த எடையே கணக்கு. தராசு 4.8 காட்டினால் எனக்கு மூச்சு வரும். 5.1 என்றால் எழுதக் கை கூசும். ஆனாலும் உள்ளதைத்தான் எழுத வேண்டும், எழுதினேன்.

கிராக் புகைத்தவர்களில் எண்ணிக்கையில் வெள்ளையர்களே அதிகம். கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிராக் வழக்கில் தண்டனை பெற்றவர்களிலோ ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கறுப்பர்கள். தெருமுனை விற்பனை ரோந்துக் காவலரின் கண்ணில் படும். புறநகர் வீட்டின் கதவுக்குப் பின்னால் கைமாறும் தூள் படாது. ரோந்து எந்தத் தெருக்களைச் சுற்றியதோ, அந்தத் தெருக்களிலிருந்தே எங்களுக்குப் பொட்டலங்களும் வந்தன. தூளை மொத்தமாக விற்றவனைவிட, அதைக் காய்ச்சிச் சில்லறையாக விற்ற இளைஞன் கூடுதல் காலம் சிறையில் கிடந்தான்.

இந்த நூறு மடங்கு வேறுபாட்டை நீக்கும்படி, கூட்டாட்சி நீதிமன்றங்களின் தண்டனைகளுக்கு வழிகாட்டு விதிகள் வகுக்கும் தண்டனை ஆணையமே 1995-இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. 2010-இல் 5 கிராம் 28 ஆனது. நூறு மடங்கு பதினெட்டாகக் குறைந்தது. பதினெட்டுக்கு எந்த ஆய்வகத்திலும் ஆதாரம் கிடையாது, அது அரசியல் பேரத்தில் பிறந்த எண். பழைய கைதிகளுக்கும் அந்தச் சலுகை 2018-இல் வந்தது. ஆனால் 4 கிராமுக்கும் குறைவான கிராக்குக்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தண்டனை பெற்ற ஒருவருக்கு அது பொருந்தாது என 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் திருத்திய எடை வரம்புகளுக்குள் அவருடைய வழக்கு வரவில்லையாம். அதிகம் வைத்திருந்தவர் தண்டனையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடலாம், மிகக் குறைவாக வைத்திருந்தவர் போட முடியாது. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தூளுக்கும் கிராக்குக்கும் ஒரே அளவு என்ற மசோதா அதே ஆண்டு கீழவையில் 361-66 என நிறைவேறியது. செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.